மறைபிரதியை மறைப்பவர் யார்?



பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பாடசாலை, ஆலயம், விளையாட்டுக் கழகம், முதியோர் ஒன்றுகூடல் என்று பிரித்தானியாவில் நாம் நடத்துகிற அமைப்புகள் ஏராளம். இவை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய கணினியில் ஒரு மின்னஞ்சல் பட்டியல் இருக்கும். சில இடங்களில் 50 பேர், சில இடங்களில் 300 பேர். பொங்கல் விழாவோ பொதுக்கூட்டமோ எதுவானாலும், செயலாளர் ஒரு கடிதத்தை எழுதுவார், பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டுவார், அனுப்பும் பொத்தானை அழுத்துவார். அந்தப் பட்டியலை அவர் எந்தப் பெட்டியில் ஒட்டினார் என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மின்னஞ்சல் எழுதத் தொடங்கும்போது மேலே மூன்று பெட்டிகள் உண்டு. முதலாவது 'டூ', கடிதம் யாருக்கு என்பது. இரண்டாவது 'சி.சி.', காபன் பிரதி. மூன்றாவது 'பி.சி.சி.', மற்றவர் கண்ணில் படாத காபன் பிரதி. தமிழில் மறைபிரதி என்று சொல்லலாம். முதல் இரண்டு பெட்டிகளில் எழுதிய முகவரிகளைக் கடிதம் கிடைத்த எல்லோரும் பார்க்கலாம். மூன்றாவதில் எழுதியதை மற்றவர்கள் பார்க்க முடியாது. இவ்வளவும் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை மறைப்பது யார்? எந்த இடத்தில் மறைக்கிறார்? அவர் மறைக்கத் தவறினால், வழியில் வேறு யாராவது கவனித்துத் தடுப்பார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால், நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

தட்டச்சு இயந்திரக் காலத்தில் கந்தோர்களில் வேலை செய்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே காபன் தாளை வைத்துக் கடிதம் அடிப்பார்கள். அடியிலே 'பிரதி' என்று போட்டு, இன்னார் இன்னாருக்கு இதன் பிரதி போகிறது என்று குறிப்பார்கள். ஒருவருக்குப் பிரதி போவது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்றால், கடிதத்தை அடித்து முடித்த பிறகு மூலத்தை வெளியே எடுத்துவிட்டு, பிரதித் தாளில் மட்டும் அந்தக் குறிப்பை அடிப்பார்கள். அங்கே இரகசியத்தைக் காத்தது தட்டச்சாளருடைய கைதான். தபால்காரருக்கோ கடிதத்தைப் பெற்றவருக்கோ அதில் ஒரு பங்கும் இல்லை. அவர் மூலத்தை வெளியே எடுக்க மறந்தால், பிறகு யாராலும் அதைத் திருத்த முடியாது.

மின்னஞ்சலிலும் கதை இதேதான். 1977 நவம்பரில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலைக்காக மின்னஞ்சல் எப்படி அமைய வேண்டும் என்று ஒரு விதி ஆவணம் வெளியானது. ஆர்.எஃப்.சி. 733 என்பது அதன் எண். அதிலேயே பி.சி.சி. இருக்கிறது. 1982இல் டேவிட் குரோக்கர் அதைத் திருத்தி ஆர்.எஃப்.சி. 822 ஆக்கினார். 2001இல் ஒரு திருத்தம், 2008இல் இன்னொரு திருத்தம் என்று அது 5322 ஆனது. எண்கள் மாறினாலும் பெட்டியின் நோக்கம் மாறவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு கல்யாண அழைப்பிதழை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அட்டையில் மணமக்கள் பெயர், நாள், நேரம், மண்டபம் எல்லாம் அச்சிட்டிருக்கும். 300 அட்டைகளும் ஒரே மாதிரி. யாருக்குப் போக வேண்டும் என்பது உறையின் மேல்தான் கையால் எழுதியிருக்கும். தபால்காரர் உறையைத்தான் பார்ப்பார், அட்டையைப் படிக்கமாட்டார். உங்கள் வீட்டுக்கு வந்த அட்டையைப் பார்த்து, வேறு யார் யாருக்கு அழைப்பு போனது என்று நீங்கள் சொல்ல முடியாது. உறை வேறு, அட்டை வேறு.

மின்னஞ்சலுக்கும் உறை ஒன்று உண்டு. நாம் அதைப் பார்ப்பதில்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. திரையில் தெரிகிற 'டூ', 'சி.சி.' வரிகள் எல்லாம் உறைக்குள் இருக்கும் கடிதத்தின் தலைப்பகுதி. உறை என்பது இரண்டு இயந்திரங்களுக்கு இடையே நடக்கும் ஓர் உரையாடல். அந்த உரையாடலின் விதியை 1982இல் ஜோன் போஸ்டல் எழுதினார். அதன் பெயர் எஸ்.எம்.டி.பி. இன்றைக்கும் உலகத்தின் மின்னஞ்சல் பெரும்பாலும் அந்த விதியின் வழியாகத்தான் ஓடுகிறது.

அந்த உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும். அனுப்பும் இயந்திரம் முதலில் வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகம் செய்கிறது. பிறகு, 'இன்னாரிடமிருந்து ஒரு கடிதம்' என்கிறது. எதிர்ப்பக்கம் 'சரி' என்கிறது. 'இந்த முகவரிக்குக் கொடு' என்கிறது. 'சரி.' 'இந்த முகவரிக்கும் கொடு.' 'சரி.' இப்படி ஒவ்வொரு பெறுநராகச் சொல்லி முடித்த பிறகுதான், 'இனிக் கடிதம் வருகிறது' என்று முழுக் கடிதத்தையும் அனுப்புகிறது. 'கொடு, கொடு' என்று சொன்ன அந்தப் பட்டியல்தான் உறை. கடைசியில் உங்கள் அஞ்சல் பெட்டிக்குள் கடிதத்தைப் போடும்போது அந்தப் பட்டியலைச் சேர்த்துப் போடுவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த உரையாடலில் 'டூ' என்றோ 'பி.சி.சி.' என்றோ ஒரு பேதமும் இல்லை. எல்லோரும் வெறும் பெறுநர்கள்தான். உறையில் உள்ள முகவரிக்கும் கடிதத்தின் தலைப்பில் உள்ள முகவரிக்கும் இடையே கட்டாயத் தொடர்பு எதுவும் கிடையாது என்பதை, 2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5321 வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே வழியில் உள்ள இயந்திரங்களுக்கு உங்கள் எண்ணம் தெரியாது. 300 முகவரிகளை நீங்கள் 'டூ' பெட்டியில் போட்டுவிட்டால், இதை மறைக்க நினைத்திருப்பாரோ என்று எந்தச் சேவையகமும் யோசிக்காது. அது கடிதத்தை உள்ளபடியே கொண்டுபோய்க் கொடுக்கும்.

அப்படியென்றால் பி.சி.சி. வரி என்பது என்ன? அது உங்கள் கணினியில் உள்ள மின்னஞ்சல் மென்பொருளுக்கு நீங்கள் எழுதும் ஒரு துண்டுச் சீட்டு. 'இந்த முகவரிகளை உறையில் எழுது. எழுதிய பிறகு இந்தச் சீட்டைக் கிழித்துப் போடு.' அவ்வளவுதான். அதில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. சீட்டைக் கிழிப்பதுதான் முழுப் பாதுகாப்பும்.

கிழிப்பதிலும் எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆர்.எஃப்.சி. 5322 மூன்று வழிகளைக் குறிப்பிடுகிறது. முதல் வழியில், பி.சி.சி. வரியை முற்றாக நீக்கிவிட்டு எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவார்கள். இரண்டாவது வழியில், 'டூ', 'சி.சி.' ஆட்களுக்கு வரியை நீக்கிய கடிதமும், மறைபிரதிக்காரர்களுக்கு வரியோடு கூடிய வேறு கடிதமும் போகும். மூன்றாவது வழியில், பி.சி.சி. என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு அதற்கு எதிரே இடத்தை வெறுமையாக வைப்பார்கள். யாரோ ஒருவருக்கு மறைபிரதி போயிருக்கிறது என்று தெரியும், யாருக்கு என்று தெரியாது.

இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. மறைபிரதிக்காரர்களுக்குப் போகும் கடிதத்தில் அந்த வரியை முழுவதுமாக விட்டால், மறைபிரதி பெற்ற 300 பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். அதனால் சில மென்பொருள்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் அனுப்பி, அவருடைய முகவரியை மட்டும் அந்த வரியில் வைக்கின்றன. விதியோ எந்த ஒரு வழியையும் கட்டாயமாக்கவில்லை. எப்படிச் செய்வது என்பதை மென்பொருள் எழுதுகிறவர்களிடமே விட்டுவிட்டது.

இதனால் சிக்கல் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. லினக்ஸ் கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு 'மட்' என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் தெரிந்திருக்கும். கடிதம் எழுதுவது அதன் வேலை, அதை வெளியே கொண்டுபோவது வேறொரு மென்பொருளின் வேலை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் எழுதத் தொடங்கிய 'எக்சிம்' அப்படிப்பட்ட ஒரு தபால்காரன். 'கடிதத்தின் தலைப்பைப் படித்துப் பெறுநர்களை நீயே எடுத்துக்கொள்' என்று சொன்னால், எக்சிம் முகவரிகளை எடுத்துக்கொண்டு பி.சி.சி. வரியை நீக்கிவிடும். பெறுநர்களின் பெயரை வெளியிலிருந்து தனியாகக் கொடுத்தால், கடிதத்துக்குள் அது கைவைக்காது. உள்ளே பி.சி.சி. வரி இருந்தால் இருந்தபடியே போகும். மட் பழைய அமைப்பில் பெறுநர்களைத் தனியாகக் கொடுத்தது, பி.சி.சி. வரியையும் கடிதத்தில் எழுதியது. கொண்டுபோகிறவன் கிழிப்பான் என்று ஒருவர் நினைத்தார். எழுதியவன் கிழித்திருப்பான் என்று மற்றவர் நினைத்தார். சீட்டு கிழியாமலே போய்ச் சேர்ந்தது. எக்சிம் பயன்படுத்துகிறவர்கள் அந்த வரியை எழுதும் ஏற்பாட்டை நிறுத்திக்கொள்வது நல்லது என்று மட்டின் கையேட்டிலேயே ஒரு குறிப்புப் போட வேண்டி வந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கடிதத்தின் உள்ளடக்கத்தைத் தொடுவது தபால்காரனின் வேலை இல்லை என்பது ஒரு நியாயமான கொள்கை. 'போஸ்ட்பிக்ஸ்' என்ற இன்னொரு சேவையகமோ எவர் கொடுத்தாலும் பி.சி.சி. வரியை நீக்கிவிடும் வழக்கமுடையது. அதுவும் நியாயமான கொள்கைதான். கொள்கைகள் வேறுபடும்போது, நடுவில் அகப்படுவது நம்முடைய பட்டியல். சங்கத்துக்காக ஓய்வு நேரத்தில் சிறு நிரல்கள் எழுதித் தரும் இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பைத்தன் மொழியில் கடிதம் அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பி.சி.சி. வரியைத் தானே விட்டுவிடும். மற்றது நீங்கள் கொடுத்ததைக் கொடுத்தபடியே அனுப்பும். எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நேயர்களே, இன்றைக்கு ஜிமெயில், அவுட்லுக் போன்றவற்றைப் பயன்படுத்தும் சாதாரண மனிதருக்கு மென்பொருளால் வரும் ஆபத்து மிகக் குறைவு. பெரிய ஆபத்து விரலால் வருவது. பெட்டி மாறிப்போவது. பிரித்தானியாவில் பதிவான சில சம்பவங்களைச் சொல்கிறேன்.

2015 செப்டம்பரில் இலண்டன் டீன் தெருவில் உள்ள ஒரு பாலியல் சுகாதார மருத்துவ நிலையம், எச்.ஐ.வி. சேவையைப் பயன்படுத்துபவர்களுக்கான செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியது. பி.சி.சி.க்குப் பதிலாக 'டூ' பெட்டி. 781 முகவரிகளில் 730இல் முழுப் பெயரும் தெரிந்தது. 2016 மே மாதத்தில் அந்த நிலையத்தை நடத்தும் தேசிய சுகாதார சேவை அறக்கட்டளைக்கு 180,000 பவுண்டு அபராதம். 2010இலும் அதே அறக்கட்டளையில் 17 நோயாளிகளுக்கு இதே வகையான தவறு நடந்திருந்தது.

2017 பெப்ரவரியில், சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகத்தை விசாரித்த சுயாதீன விசாரணைக்குழு, தன்னோடு தொடர்பிலிருந்த 90 பேருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. முதல் கடிதம் பி.சி.சி.யில் சரியாகத்தான் போனது. அதில் ஒரு பிழை இருந்ததைக் கண்டு, திருத்தத்தை அனுப்பினார்கள். அந்தத் திருத்தம் 'டூ' பெட்டியில் போய்விட்டது. பாதிக்கப்பட்டவர்களாக இருக்கக்கூடிய 52 பேரின் முழுப் பெயர் வெளியே தெரிந்தது. அழித்துவிடுங்கள் என்று கேட்டு மூன்று கடிதங்கள் போயின. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 'எல்லோருக்கும் பதில்' என்ற பொத்தானை அழுத்தி 39 பதில்கள் வந்தன. 2018இல் 200,000 பவுண்டு அபராதம்.

பெரிய அரச நிறுவனங்களுக்குத்தான் இந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2020 பெப்ரவரியில் எச்.ஐ.வி. ஸ்கொட்லாந்து என்ற சிறு தொண்டு நிறுவனம், 105 பேருக்குப் போன கடிதத்தில் முகவரிகளை 'சி.சி.' பெட்டியில் போட்டது. 65 முகவரிகளிலிருந்து ஆளை அடையாளம் காண முடிந்தது. 2021இல் 10,000 பவுண்டு அபராதம். ஆபத்தை உணர்ந்து, கூட்டுமடல் அனுப்பும் சேவை ஒன்றை அவர்கள் ஏழு மாதம் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் பழைய முறையையே தொடர்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது 2021 செப்டம்பரில் நடந்தது. தலிபான்கள் காபூலைப் பிடித்து ஒரு மாதம்கூட ஆகியிருந்த நேரம். பிரித்தானியப் படையோடு வேலை செய்து, வெளியேறத் தகுதி பெற்றிருந்த ஆப்கானியர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சு ஒரு கடிதம் அனுப்பியது. 245 பேருடைய முகவரிகள் 'டூ' பெட்டியில். 55 பேருடைய சிறு புகைப்படமும் முகவரியோடு சேர்ந்து தெரிந்தது. இருவர் 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அழுத்தினார்கள். அவர்களில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே எழுதிவிட்டார். அந்த மாதத்தில் நடந்த வேறு இரண்டு தவறுகளையும் சேர்த்தால் மொத்தம் 265 முகவரிகள். 2023 டிசம்பரில் 350,000 பவுண்டு அபராதம். ஒளிந்திருக்கும் மனிதருக்கு, ஒரு பெட்டி மாறியதால் வந்த ஆபத்து அது.

2023 ஆகஸ்டில் தகவல் ஆணையர் அலுவலகம் வெளியிட்ட கணக்கின்படி, பி.சி.சி.யைச் சரியாகப் பயன்படுத்தாததால் ஏற்பட்டதாக 2019 முதல் அறிவிக்கப்பட்ட சம்பவங்கள் ஏறத்தாழ 1000.

நம்முடைய பட்டியல்களில் அப்படி என்ன இரகசியம் இருக்கிறது என்று கேட்கலாம். வெறும் முகவரியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலின் பெயரே ஒரு செய்தி. ஆலயப் பட்டியல் ஒருவருடைய சமயத்தைச் சொல்லும். நீரிழிவு பற்றிய கலந்துரையாடலுக்கு வந்தவர்களின் பட்டியல் உடல்நிலையைச் சொல்லும். நினைவுக்கூட்டத்துக்கோ ஆர்ப்பாட்டத்துக்கோ வந்தவர்களின் பட்டியல் அரசியலைச் சொல்லும். அகதி அந்தஸ்துக்காகக் காத்திருக்கும் ஒருவர், ஊரில் பெற்றோரையும் சகோதரரையும் விட்டுவிட்டு வந்தவர், தன் பெயர் எந்தப் பட்டியலில் யார் கையில் இருக்கிறது என்று யோசிக்காமல் இருப்பாரா? வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறிய ஒரு பெண், புது மின்னஞ்சல் முகவரி தொடங்கி, பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலையில் சேர்த்திருக்கிறார் என்று வையுங்கள். பாடசாலையின் கடிதம் எல்லா முகவரிகளோடும் போனால், கணவரின் உறவினர் ஒருவர் அதே பட்டியலில் இருந்தால், அந்தப் பெண் எங்கே வருவார் போவார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். நமது சமூகம் சிறியது. ஒருவரையொருவர் தெரியும். நமக்கு ஆபத்து கூடுவதே அதனால்தான்.

சட்டப்படியும் சங்கங்களுக்கு விலக்கு இல்லை. வீட்டு விடயங்களுக்காக உறவினர்களின் முகவரியை வைத்திருப்பது தனிப்பட்ட காரியம். ஓர் அமைப்பு உறுப்பினர்களின் முகவரியை வைத்திருந்தால் அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். சமயம், உடல்நலம், அரசியல் கருத்து, இனப்பின்னணி ஆகியவற்றை அந்தச் சட்டம் விசேட கவனத்துக்குரியவை என்று தனியே பிரித்து வைத்திருக்கிறது.

இனி, பி.சி.சி.யைச் சரியாகப் பயன்படுத்தினாலும் அது எதைச் செய்யாது என்று பார்ப்போம். அது கடிதத்தை மறைகுறியாக்குவதில்லை. உங்கள் பக்கத்துச் சேவையகத்துக்கு முழுப் பட்டியலும் தெரியும். உங்கள் 'அனுப்பியவை' கோப்பில் பட்டியல் அப்படியே இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் நான்கு செயலாளர்கள் கைமாறியிருந்தால், பட்டியலும் நான்கு பேர் கையில் இருக்கிறது.

இன்னொன்று, பதில் எழுதும் பொத்தான். மறைபிரதி பெற்றவர் 'எல்லோருக்கும் பதில்' என்று அழுத்தினால், மற்ற மறைபிரதிக்காரர்களுக்கு அது போகாது. அவர்களுடைய முகவரி அவரிடம் இல்லையே. விசாரணைக்குழுவுக்கு வந்த 39 பதில்களைப் போன்ற வெள்ளம் பி.சி.சி.யில் வராததற்குக் காரணம் இதுதான். ஆனால் 'டூ', 'சி.சி.' பெட்டிகளில் உள்ளவர்களுக்கு அந்தப் பதில் போய்ச் சேரும். தனக்கும் பிரதி வந்தது என்பதை அவரே அறிவித்தவராகிவிடுவார். ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்குத் திருட்டுத்தனமாகப் பிரதி அனுப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படி அனுப்பி அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பொத்தானால்தான். யாருக்காவது காட்ட வேண்டுமானால், அனுப்பிய கடிதத்தைப் பிறகு தனியாக அவருக்கு அனுப்புங்கள். மறைபிரதி பெறுநர்களைக் காப்பாற்றுவதற்கு, ஒளித்து விளையாடுவதற்கு இல்லை.

என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 'டூ' பெட்டியில் சங்கத்தின் சொந்த முகவரியை எழுதுங்கள். பட்டியலைப் பி.சி.சி.யில் ஒட்டுங்கள். கடிதத்தை எழுதுவதற்கு முன்பே அல்ல, எழுதி முடித்துப் பார்த்த பிறகு கடைசியாக ஒட்டுங்கள். சில மென்பொருள்களில் பி.சி.சி. பெட்டி ஆரம்பத்தில் தெரியாது. அதை எப்போதும் தெரியும்படி அமைத்து வையுங்கள்.

இரண்டாவது, அனுப்புவதைத் தாமதப்படுத்துங்கள். ஜிமெயிலில் அனுப்பியதை 30 வினாடி வரை திரும்பப் பெறும்படி அமைக்கலாம். அவுட்லுக்கில் சில நிமிடங்கள் காத்திருக்கும்படி விதி போடலாம். தவறு கண்ணில் படுவது பொத்தானை அழுத்திய அடுத்த கணத்தில்தான்.

மூன்றாவது, சோதித்துப் பாருங்கள். 'டூ'வில் ஒரு முகவரி, பி.சி.சி.யில் இரண்டு முகவரிகள், முடிந்தால் வேறு வேறு நிறுவனங்களின் அஞ்சல் கணக்குகள். கடிதம் வந்ததும் ஒவ்வொன்றிலும் மூல வடிவத்தைக் காட்டும் வசதியைத் திறந்து, பி.சி.சி. என்ற வரியைத் தேடுங்கள். வரி இல்லாவிட்டால் நல்லது. அந்தப் பெறுநரின் முகவரி மட்டும் இருந்தாலும் பாதகமில்லை. மற்றவருடையதும் இருந்தால் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

நான்காவதுதான் முக்கியம். பட்டியல் பெரிதாக இருந்தாலோ, பட்டியலின் பெயரே ஒருவருடைய நிலையைச் சொல்வதாக இருந்தாலோ, பி.சி.சி.யை நம்ப வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாக அனுப்பும் வழிகள் இருக்கின்றன. கூட்டுமடல் சேவைகள் அதைச் செய்கின்றன. முகவரிகளை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து ஒவ்வொரு கடிதமாகத் தயாரிக்கும் வசதி சில எழுத்து மென்பொருள்களிலும் உண்டு. அங்கே ஒரு கடிதத்தில் ஒரு முகவரிதான் இருக்கும். கிழிக்க வேண்டிய சீட்டே கிடையாது. தகவல் ஆணையர் அலுவலகம் 2023இல் சொன்ன ஆலோசனையும் இதுதான்.

அப்படியும் பெட்டி மாறிவிட்டால்? பதற்றத்தில் அதே பட்டியலுக்கு இன்னொரு கடிதத்தை 'டூ'விலேயே அனுப்பிவிடாதீர்கள். முதலில் நிறுத்தி, என்ன போனது, யாருக்குப் போனது என்று எழுதி வையுங்கள். பெறுநர்களுக்குத் தனித்தனியாக அறிவித்து, பதில் எழுதாமல் அழித்துவிடும்படி கேளுங்கள். அவர்களுக்குப் பாதிப்பு வரக்கூடும் என்றால், தெரிய வந்த 72 மணித்தியாலத்துக்குள் ஆணையகத்துக்கு அறிவிக்க வேண்டும். பாதிப்பு பாரதூரமாக இருக்கக்கூடும் என்றால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். மூடி மறைப்பது தவறை இரட்டிப்பாக்கும். நீங்கள் பெறுநர் பக்கத்தில் இருந்தால், 'ஏன் இப்படி அனுப்பினீர்கள்' என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்காதீர்கள். அனுப்பியவருக்கு மட்டும் எழுதுங்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். மறைபிரதியை மறைப்பது இணையம் அல்ல, பெறுபவரும் அல்ல. அனுப்பும் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர்தான். ஒருவர் சரியான பெட்டியைத் தெரிவு செய்கிற செயலாளர். மற்றது சீட்டைக் கிழிக்கிற அவருடைய மென்பொருள். இந்த இருவரையும் தாண்டிப் போன முகவரியைத் திரும்பப் பிடித்துவர யாருமில்லை. சங்கத்துக்கு ஒருவர் முகவரியைத் தரும்போது, அதை மற்றவருக்குக் காட்டமாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் தருகிறார். அடுத்த முறை பட்டியலை ஒட்டும்போது ஒரு வினாடி நின்று, எந்தப் பெட்டி என்று பாருங்கள். இன்னும் நல்லது, அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கூட்டுமடல் சேவைக்கு மாறுவது பற்றிப் பேசுங்கள்.